கோழியைக் காக்க முதலில் கள்வனை அறிவோம்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய இடத்தில் முதலில் தேடிக்கொள்ளும் செல்வம் அநேகமாக நாலைந்து ஊர்க்கோழிகளே. வயல் கைக்கு வரக் காலமெடுக்கும். மாடு வாங்கப் பணமிராது. ஒரு பேட்டுக்கோழியோ குறுணலையும் வளவிலுள்ள புழுபூச்சியையும் தின்று, பிள்ளைகளுக்கு முட்டையும் கொப்பி வாங்கக் காசும் தருகின்றது. அதனை நாய்க்குப் பறிகொடுப்பது சிறிய இழப்பல்ல.

மக்கள் நெடுங்காலம் வெளியேறியிருந்த ஊர்களில் வளவுகள் பற்றை மண்டிப் போயின. கீரியும் மரநாயும் அங்கே குடிகொண்டன. கைவிடப்பட்ட நாய்கள் கூட்டமாகத் திரியப் பழகின. ஆகவே முன்போல மரக்கிளையில் உறங்கவிட்டுக் கோழி வளர்ப்பது இப்போது கடினம்.

நாமும் இதனைப் பட்டே அறிந்தோம். மெல்லிய கோழிவலை அடித்த கூட்டை நிலத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். விடியும்போது வலை கிழிந்து ஏழு கோழிகள் செத்துக் கிடந்தன. அவ்வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது.

பிடித்தது யார்?

பல கோழிகள் கடியுண்டு, தின்னப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் நாயே. தலையிலோ கழுத்திலோ கடியிருந்தால், பகலாயின் கீரியையும் இரவாயின் மரநாயையும் சந்தேகிக்கலாம். முட்டை கோதுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் காகம், பருந்து, பூனை ஆகியவற்றைக் கவனியுங்கள். இரவில் கூட்டுக்குள்ளேயே குஞ்சு குறைந்தால் அருகில் எலிவளை உண்டா என்று தேடுங்கள்.

இராக்கூடு

கூட்டை மூன்றடி உயரமான கால்களில் அமையுங்கள். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம் போதும். கால்களைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தால் எலியும் பாம்பும் ஏறுவது கடினம். கூட்டுக்கு மேலே சாய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள். அரை அங்குலக் கண்ணுடைய தடித்த கம்பிவலை சிறந்தது. அதற்கு வசதியில்லையெனில் பனைமட்டைச் சலாகைகளை நெருக்கமாகக் கட்டி, கூட்டைச் சுற்றி இலந்தை முள் அடுக்கலாம். சொந்தக் காணி இல்லாதோர் இருவர் தூக்கிச் செல்லக்கூடிய அளவில் கூட்டைச் செய்வது நன்று.

எவ்வளவு நல்ல கூடாயினும் கதவு திறந்திருந்தால் பயனில்லை. பொழுதுபடுமுன் ஒரு பிடி தீனி போட்டுக் கோழிகளை அழைத்து, எண்ணி, கதவைக் கொக்கியிட்டு, ஏணியையும் எடுத்துவிடுங்கள். இவ்வேலையை வீட்டில் ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள்.

குஞ்சுகளே அதிகம் அழிகின்றன. முதல் ஆறு கிழமைக்குத் தாயையும் குஞ்சுகளையும் பெரிய கூடையால் கவிழ்த்து மூடி, மேலே கல் வைத்து, நிழலில் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். செத்த கோழியை வேலிக்கு வெளியே எறியாமல் ஆழப் புதையுங்கள். எறிந்தால் அதனைத் தின்ன வரும் நாய் வளவைச் சுற்றத் தொடங்கும்.

செய்யக்கூடாதவை

நஞ்சு வைக்காதீர்கள். அதனைப் பிள்ளையும் எடுக்கும், காவல் நாயும் தின்னும். நாயை விரட்டும்போது கடிபட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கீரி, நரி கடித்தாலும் இதுவே முறை. விசர்நோய் கண்டபின் மருந்து பலன் தருவதில்லை.

இன்னொன்று. கூட்டுக்குக் கம்பியும் தகரமும் தேடி இடிந்த வீடுகளுக்கும் பற்றைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத இடங்கள் உண்டு. எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம். கோழி போனால் இன்னொரு கோழி வளர்க்கலாம்.

இன்று மாலையே கோழிகளை எண்ணிப் பாருங்கள். கூட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, எந்த இடுக்கால் கள்வன் நுழைவான் என்று பார்த்து, அதை அடையுங்கள்.