விரித்துக் காட்டாத சேலையை யார் வாங்குவார்?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது அத்தை அழைத்தார். "லீவுதானே பாப்பா? வந்து கொஞ்சம் கடையைப் பாரு. இந்த ஆன்லைன் ஆர்டரெல்லாம் எனக்குத் தலையைச் சுத்துது." கிள்ளான், தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில் அத்தைக்கு ஒரு சின்னத் துணிக்கடை இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு. படித்ததைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு என்ற நினைப்பில் பேருந்து ஏறினேன்.

போய்ப் பார்த்தால், கல்லாவுக்குப் பின்னால் பதினேழு பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் திரும்பி வந்தவை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது அத்தையின் கடையும் மூடப்பட்டது. அந்த ஆண்டு தீபாவளிக்காவது சரக்கு நகரவேண்டும் என்று மாமா அவசர அவசரமாக இயங்கலையில் ஒரு கடையைத் திறந்தார். சூரத் நகர மொத்த வியாபாரி புலனத்தில் அனுப்பும் படங்களை அப்படியே ஏற்றினார். ஆணை போய்விட்டது, முறை மட்டும் மாறவில்லை.

பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வாங்கியவர்கள் எழுதிய காரணங்களை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். நிறம் வேறு என்று ஏழு பேர். ரவிக்கை படத்தில் உள்ளது போல் இல்லை என்று நான்கு பேர். அளவு சரியில்லை என்று மூன்று பேர். இது பட்டே இல்லை என்று இருவர். திருமணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது என்று ஒருவர். துணி கிழிந்திருக்கிறது, கறை இருக்கிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை. சரக்கில் குறை இல்லை. சரக்கைப் பற்றி நாம் சொன்னதில்தான் குறை.

மறுநாள் முழுவதும் அத்தை கடையில் விற்பதை உட்கார்ந்து பார்த்தேன். ஓர் அம்மா வந்து அரக்கு நிறச் சேலை கேட்டார். அத்தை ஒன்றை எடுத்து மேசைமேல் ஒரே வீச்சில் விரித்தார். முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டினார். மறுபக்கத்தைத் திருப்பி, "இங்கே நூல் தொங்குது பாருங்க, வளையல்ல மாட்டும். பின்னால நெட் வச்சுத் தச்சுக்குங்க" என்றார். வாசல்வரை எடுத்துப்போய் வெளிச்சத்தில் காட்டினார். "முதல் தடவை தனியா அலசுங்க, கொஞ்சம் சாயம் போகும்" என்றார். ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே வருகிறது, எண்பது சென்டிமீட்டர், பெரிய உடம்புக்கு முழங்கை வரை கை வராது என்றும் சொன்னார். அந்த அம்மா இரண்டு சேலை வாங்கினார்.

எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அத்தை பதினொரு தகவல்கள் சொன்னார். அவற்றில் மூன்று, சேலையின் குறைகள். அதே சேலைக்கு எங்கள் இயங்கலைக் கடையில் இருந்தது ஒரே ஒரு படமும், "ரெடி ஸ்டாக் சாரி மூரா தீபாவளி பார்ட்டி வேர் நியூ டிசைன்" என்ற தலைப்பும்தான். மூச்சுவிடாமல் படிக்கவேண்டிய அந்தத் தலைப்பில் சேலையின் நிறம்கூட இல்லை.

அப்போதுதான் என்ன செய்யவேண்டும் என்பது பிடிபட்டது. புதிய வடிவமைப்பு, வண்ணப் பதாகை, துள்ளும் எழுத்து எதுவும் வேண்டாம். அத்தையின் கை மேசைமேல் செய்வதைத் திரையிலும் செய்யவேண்டும்.

படத்தில் இருப்பது யாருடைய சேலை?

முதலில் ரவிக்கைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மொத்த வியாபாரியின் படத்தில் மாடல் அழகி அணிந்திருப்பது கண்ணாடி வேலைப்பாடு செய்து தைத்த ரவிக்கை. பொட்டலத்தில் வருவதோ தைக்காத வெறும் துணி. அது படப்பிடிப்புக்காகப் போட்ட ரவிக்கை என்று வியாபாரிக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். முதல்முறை சேலை வாங்கும் கல்லூரி மாணவிக்கோ, தோழியின் திருமணத்துக்குச் சேலை தேடும் மலாய்ப் பெண்ணுக்கோ எப்படித் தெரியும்? அதே படத்தை இன்னும் பல கடைகள் பயன்படுத்துகின்றன என்பது இன்னொரு சிக்கல். ஒரே முகம், ஒரே சேலை, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விலை. அதைப் பார்க்கிறவர் மலிவான விலையைத் தேடுவாரே தவிர, கடையைப் பார்க்கமாட்டார்.

மொத்த வியாபாரியின் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நாங்களே எடுக்க ஆரம்பித்தோம். சேலை முழுதாக விரித்து ஒன்று, முந்தானை ஒன்று, கரை பக்கத்தில் ஒரு அளவுநாடா வைத்து ஒன்று, மறுபக்கம் ஒன்று, பொட்டலத்தில் வரும் ரவிக்கைத் துணி தனியாக ஒன்று.

நிறம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடைக்குள் மஞ்சள் விளக்கு. கைப்பேசிக் கேமரா எது வெள்ளை என்று தானாக ஊகித்துத்தான் மற்ற நிறங்களைச் சரிசெய்கிறது. படம் முழுக்க அரக்குத் துணி மட்டும் இருந்தால், அதற்கு ஊகிக்கப் பிடிமானம் இல்லை. அரக்கு செங்கல் நிறமாகிறது, ஊதா நீலமாகிறது. மாமா அதன்மேல் பளபளப்புக்காக ஒரு வடிகட்டியும் போட்டிருந்தார். பிறகு நிறம் எப்படி ஒத்துப்போகும்?

காலை ஒன்பது மணிக்குக் கடை வாசல் ஐந்தடியில், நேர் வெயில் படாத நிழலில் எடுத்தோம். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். வடிகட்டி கிடையாது. எடுத்த படத்தைச் சேலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துப் பொருந்தினால்தான் ஏற்றுவது. இவ்வளவு செய்தும் மயில்கழுத்து நிறம் அடங்கவில்லை. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்வதால், அசைக்க அசைக்க நீலம் பச்சையாகும். அந்த அழகு நின்றுபோன படத்தில் வராது. அத்தையை விரிக்கச் சொல்லிப் பத்து விநாடிக் காணொளி எடுத்தேன். அத்தையின் கையும் வளையலும் மட்டும்தான் தெரியும். முகம் தெரியக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பஞ்சாபி உடைகளின் அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. '40' என்று போட்டிருந்தால் அது உடம்பின் சுற்றளவா, துணியின் சுற்றளவா? தைத்த உடை நாற்பது அங்குலம் என்றால், நாற்பது அங்குல மார்பளவு உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாது. இரண்டு மூன்று அங்குலமாவது தளர்வு வேண்டும். எங்கள் பட்டியலில் இரண்டு விதமும் கலந்து கிடந்தன. உடையை மேசையில் தட்டையாக விரித்து, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து இரட்டிப்பாக்கி, "இது துணியின் அளவு, உங்களுக்குப் பொருந்தும் உடையை இதேபோல் அளந்து ஒப்பிடுங்கள்" என்று எழுதினோம்.

ஐம்பத்தொன்பது வெள்ளிப் பட்டு

இனி, அத்தைக்கும் எனக்கும் வந்த சண்டை.

"பியூர் சில்க்" என்ற பெயரில் எங்கள் கடையில் ஒரு சேலை இருந்தது. விலை 59 ரிங்கிட். அது பட்டு இல்லை, பாலியெஸ்டர். கடையில் யாராவது கேட்டால் "ஆர்ட் சில்க்மா, பட்டு மாதிரி இருக்கும்" என்று அத்தை நேராகச் சொல்லிவிடுவார். திரையில் மட்டும் அது 'பியூர் சில்க்'.

"மாத்திடலாம் அத்தை."

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. ஆர்ட் சில்க்னு போட்டா எவன் தேடுவான்? நீ படிக்கப் போயிடுவ, கடை வாடகை நான்தான் கட்டணும்."

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவது குற்றம் என்றேன். அத்தை அசைந்துகொடுக்கவில்லை. பிறகு, கண்ணாடி அலமாரியில் இருந்த 480 ரிங்கிட் காஞ்சிபுரத்தைக் காட்டி, இது ஏன் இயங்கலையில் ஒன்றுகூட விற்கவில்லை என்று கேட்டேன். "59க்குப் பியூர் சில்க் கிடைக்குதுன்னு போட்டிருக்கானுங்க, இதை எவன் வாங்குவான்?" என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

பொருளியல் வகுப்பில் படித்த ஒன்று அப்போது என் கண்முன்னே நடந்தது. ஜோர்ஜ் அகெர்லோப் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கார் எது, மோசமான கார் எது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எதற்கும் நடுத்தர விலைக்குமேல் தரமாட்டார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது மோசமானவை. 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்தச் சிந்தனைக்குப் பெரும் பங்கு உண்டு. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அது, அத்தையின் கண்ணாடி அலமாரிக்குள் விற்காமல் உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை அத்தையே கூப்பிட்டார். கடையில் அவர் வழக்கமாகச் செய்யும் சோதனையைப் படமெடுக்கச் சொன்னார். காஞ்சிபுரத்தின் ஓரத்திலிருந்து ஒரு நூல், 59 ரிங்கிட் சேலையிலிருந்து ஒரு நூல். இரண்டையும் தீக்குச்சியில் காட்டினார். பட்டு நூல் முடி பொசுங்கும் வாடையோடு கருகி, விரலில் நசுக்கினால் தூளானது. பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான கரு மணியாகச் சுருண்டது. வாடையைக் காணொளியில் அனுப்ப முடியாது. அதை அத்தை வாயால் சொன்னார். காஞ்சிபுரத்தில் தொங்கும் 'சில்க் மார்க்' அட்டையையும் தெளிவாகப் படமெடுத்துச் சேர்த்தோம். இந்திய மத்தியப் பட்டு வாரியம் 2004இல் தொடங்கிய தரச்சான்று அது. இத்தனை நாள் அந்த அட்டை மடிப்புக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 59 ரிங்கிட் சேலையின் பெயரை "பட்டுபோன்ற பாலியெஸ்டர், இயந்திரத்தில் துவைக்கலாம்" என்று மாற்றினோம். துவைக்கலாம் என்பது அத்தையின் யோசனை. பட்டில் முடியாத ஒன்று அல்லவா அது!

மற்றவை சின்ன வேலைகள். அனுப்பும் செலவோடு சேர்த்து முழு விலை, எத்தனை நாளில் வரும், சபா சரவாக்குக்கு எத்தனை நாள், கடையின் பெயர், பதிவு எண், தொடர்பு எண். இவற்றை எல்லாம் காட்டவேண்டும் என்று மின்னியல் வணிக விதிமுறைகளிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் முகநூலில் "விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்" என்று எழுதும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். மாமாவும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

தீபாவளி வரை திரும்பி வந்தவை மூன்று. தீபாவளி நேரத்தில் யாரும் பொறுமையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள், எனவே எல்லாம் எங்கள் மாற்றத்தால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பெயர் மாற்றிய சேலையைப் பார்க்க வருபவர்கள் உண்மையிலேயே குறைந்துபோனார்கள். அத்தை பயந்தது சரிதான். காஞ்சிபுரம் இரண்டு விற்றது. வாங்கிய ஒருவர் தைப்பிங்கிலிருந்து அழைத்து, அந்த நூல் எரியும் காணொளியை மாமியாரிடமும் காட்டியதாகச் சொன்னார்.

இன்னும் ஜிப்பாக்கள் பாக்கி இருக்கின்றன. அளவு காட்ட யாராவது போட்டு நிற்கவேண்டும். தம்பியைக் கேட்டிருக்கிறேன். முகம் தெரியாது என்று அத்தை எவ்வளவு சொல்லியும், இருபது வெள்ளி தந்தால்தான் நிற்பானாம்.