யூ டர்ன்: இடப்பக்கம் அமர்ந்திருப்பவரை எண்ணிப் பாருங்கள்

மருத்துவமனைக்கு விரைந்து வரும் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஒரு யூ டர்ன் தவிர்க்க இயலாததாகிறது. சாலையின் நடுவே தடுப்புச்சுவர் இருப்பதால், எதிர்ப்புறம் உள்ள வாயிலை அடைய அடுத்த சந்திப்பு வரை சென்று திரும்ப வேண்டியுள்ளது. வலியில் துடிப்பவர் உடன் இருக்கையில் ஓட்டுநரின் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் திருப்பமே ஆபத்தை வரவழைக்கிறது.

நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஆகவே யூ டர்ன் வலப்புறமாக அமைகிறது. கார் சாலையின் குறுக்கே நிற்கும் நொடிகளில், எதிர்த்திசையில் வரும் வாகனங்களுக்கு நேராக இருப்பது அதன் இடப்பக்கம். ஓட்டுநரோ வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். மோதலை முதலில் தாங்குபவர் இடப்பக்கம் இருப்பவர். பெரும்பாலும் அவரே நாம் காப்பாற்ற அழைத்து வரும் நோயாளி.

காரின் முன்புறம் நசுங்கி, மோதலின் வேகத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். பக்கவாட்டில் அத்தகைய இடைவெளி இல்லை. கதவுக்கு அடுத்து உடல்தான். இடப்பக்க மோதலில் விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறியலாம். இடது விலாவின் கீழுள்ள மண்ணீரல் கிழியலாம். மண்ணீரலில் ஏற்படும் இரத்தக்கசிவு வெளியே தெரிவதில்லை. மோதலுக்குப் பின் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர், அறிகுறி இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இடைவெளி போதுமானது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. திரும்பி முடிக்க 6 நொடிகள் ஆகுமெனில், அதற்குள் அது 100 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரம் வெறுமையாக இல்லையெனில் காத்திருங்கள். இருசக்கர வாகனம் சிறிதாகத் தெரிவதால், உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாக நம் கண் கணக்கிடும். மேலும், முன்கண்ணாடியின் இடது ஓரத்தூணும் அருகில் இருப்பவரின் தலையும் அதை மறைத்துவிடக்கூடும். ஆகவே சற்று முன்னே சாய்ந்து இருமுறை பாருங்கள்.

சந்திப்பில் கடைப்பிடிக்க வேண்டியவை:

• யூ டர்ன் தடைப் பலகை உள்ள இடத்திலும், வளைவு, பாலம், மேட்டின் உச்சி ஆகியவற்றிலும் திரும்பாதீர்கள்.

• முன்கூட்டியே வலது இண்டிகேட்டரை இட்டு, பின்னால் வருவோரைக் கண்ணாடியில் பார்த்து, வலது ஓரத் தடத்துக்கு வாருங்கள்.

• சிக்னல் இருந்தால், வலப்புறம் திரும்புவதற்கான பச்சை விளக்கு எரியும் வரை காத்திருங்கள்.

• காத்திருக்கும்போது முன்சக்கரங்களை நேராக வைத்திருங்கள். பின்னாலிருந்து எவரேனும் இடித்தாலும் கார் எதிர்வரும் வாகனங்களின் பாதைக்குள் தள்ளப்படாது.

• குறுக்குச் சாலையிலிருந்து இடப்புறம் திரும்புவோர், நீங்கள் நுழையும் அதே பாதைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் சாலையைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் வழிவிடுங்கள்.

• பின்னிருக்கையில் இருப்பவரும் சீட் பெல்ட் அணியட்டும்.

கழுத்தைத் திருப்ப இயலாதவர்கள், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தூக்கம் வரவழைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவர் அனுமதிக்கும் வரை வாகனம் ஓட்டுவதையே தவிர்ப்பது நலம்.

திரும்புவது கடினமாகத் தோன்றினால், நேரே சென்று அடுத்த சிக்னலில் திரும்பி வாருங்கள். அதற்கெனத் தடுப்புக்கு எதிர்த்திசையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். நோயாளியின் நிலை ஒரு நிமிடத் தாமதத்தையும் தாங்காது என அஞ்சினால், அவரை நீங்களே அழைத்து வருவதைவிட ஆம்புலன்ஸை நாடுவதே சரியான முடிவு. சிகிச்சை அதனுள்ளேயே தொடங்கிவிடும்.