ஒளியறிந்து படம் எடுப்போம்

கல்லூரி விழாக்களில் எடுக்கப்படும் படங்கள் பின்வருவோர்க்கு நாம் விட்டுச்செல்லும் சான்றுகளாம். முகம் தெளியாத படம் சான்றாகாது. இதனை நாம் பட்டறிந்தோம். இளைப்பாறிய முதிய ஆசிரியர் ஒருவரை, நண்பகல் வெயிலில், வெள்ளைச் சுவரின் முன்னே நிறுத்திப் படமெடுத்தோம். சுவர் சாம்பல் நிறமாயிற்று. அவர் முகமோ கருநிழலாயிற்று. மீண்டும் எடுப்பதற்கு அவர் இன்று எம்மிடையே இல்லை.

எமது பிழைகள் இரண்டு. முதலாவது, நேரம். கண்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஏப்பிரல், செப்டெம்பர் மாதங்களின் முற்பகுதியில் நண்பகற் சூரியன் எம் உச்சிக்கு நேரே நிற்கும். அப்பொழுது கண்குழிகளிலும் மோவாயின் கீழும் இருள் படியும். ஆதலின் காலை ஒன்பது மணிக்கு முன்னரோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ எடுத்தல் நன்று. இயலாதெனின், முற்றத்தை நோக்கிய விறாந்தை நிழலில் நிறுத்துக.

இரண்டாவது, அளவு. கமராவின் ஒளிமானி தான் காண்பது எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனவே கொள்ளும். தலதா மாளிகையின் வெண்சுவரைக் கண்டால், ஒளி மிகுந்ததென மயங்கி அதனைக் குறைத்துவிடும். எனவே முகத்தருகே சென்று அளவெடுத்தல் வேண்டும். அன்றேல் ஒளியை ஒரு படியேனும் கூட்டுதல் வேண்டும். கைத்தொலைபேசியாயின் திரையில் தோன்றும் முகத்தைத் தொட்டு, பின் ஒளியைக் கூட்டிப் பார்க்கலாம்.

ஒளிமானி இன்றியும் அளக்க வழியுண்டு. ஐ.எஸ்.ஓ. 100 எனவும் வேகம் செக்கனில் நூறிலொரு பங்கு எனவும் கொள்வோம். தெளிந்த வெயிலில் எப் 16. நிழல் விழாத முகிலொளியில் எப் 8. திறந்த நிழலில் எப் 4. எண் குறையுந்தோறும் துவாரம் விரியும். எப் 16இலிருந்து எப் 4க்கு வந்தால் உட்புகும் ஒளி பதினாறு மடங்காகும். வெயிலும் நிழலும் எம் கண்ணுக்கு அத்துணை வேறுபடத் தோன்றுவதில்லை. கண் தானே இசைந்துகொள்கிறது.

கற்க விரும்பும் மாணவர், லயனல் வென்ட் (1900–1944) எடுத்த ஈழநாட்டுப் படங்களைப் பார்ப்பாராக. அவை 1950இல் நூலுருப் பெற்றன. ஒவ்வொரு படத்திலும் ஒளி எத்திசையினின்று வருகிறதென வினவுக. பின்னர் நண்பர் ஒருவரின் முகத்தைக் காலை, நண்பகல், மாலை எனப் படமெடுத்து, நேரத்தையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுக.

இவ்விழாவில் முதியோர் பலர் முன்வரிசையில் அமர்வர். கமராவை எடுக்குமுன் அவர்தம் முகத்தில் விழும் ஒளியை நோக்குக. எமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராதிருப்பதாக.