கூடைப்பந்தாட்டத்தில் ஒருவன் கையிற் பந்து

1891 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரிற் கூடைப்பந்தாட்டத்தை வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பந்தைப் பற்றியவன் அதனுடன் ஓடுதலாகாது, பற்றிய இடத்தில் நின்றே அதனை எறிதல் வேண்டும் என விதித்தார். ஒருவனே பந்தை நெடுநேரம் வைத்திருக்கும் ஆட்டத்தை அவர் எண்ணினாரல்லர். பந்தைத் தரையில் தட்டியவாறே நகரும் வழக்கம் பின்னர்ப் புகுந்தது. அவ்வழக்கத்தின் முதிர்ச்சியிலே தோன்றியவன், அணியின் தாக்குதல் முழுவதையும் தன் கைக்குள் அடக்கும் 'பொயின்ற் கார்ட்' ஆவான். பந்தை முன்கொண்டு சென்று ஆட்டத்தைத் தொடக்கிவைத்தல் அந்நிலையில் ஆடுவோனுக்குரிய பழைய கடமை. தொடக்கிவைத்தலோடு அமையாது, முடிவு வரையும் பந்தை ஆள்பவனைப் பற்றியதே ஈண்டு ஆராய்ச்சி.

அமெரிக்கத் தொழின்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ.யில், பந்து பெற்ற அணி 24 வினாடிகளுள் அதனைக் கூடைக்கு எறிதல் வேண்டும் என்னும் விதி 1954 முதல் உண்டு. அவ்வினாடிகளிற் பெரும்பகுதி பந்தாள்வோனுக்கே செலவாகின்றது. அவன் செய்வது யாது? நெடிய துணைவன் ஒருவன் வந்து, காவல்புரிவோனின் வழியிலே தூண்போல நிற்பான். பந்தாள்வோன் அத்தூணை ஒட்டித் திரும்பக் காவலன் பின்தங்குவான். நெடியவனைக் காப்பவன் முன்வந்து தடுத்தாலன்றிக் கூடைக்கு வழி திறந்துவிடும். முன்வந்தாலோ, நெடியவன் தடையின்றிக் கூடையை நோக்கி ஓடுவான். இவ்வாறு எதிரணியினர் இருவர் ஒருவனிடத்தே சிக்க, எஞ்சிய நால்வரை மூவர் காக்க நேரும். மூலையில் நிற்பவனைக் காப்பவன் உட்புறமாக ஈரடி நகர்ந்தாற் போதும். பந்து அம்மூலைக்குச் சென்றுவிடும்.

இம்முறையின் நன்மை வெளிப்படை. மற்றை நால்வரும் பலதிறன் படைத்தவராதல் வேண்டா. ஒருவன் உயர எழும்பிப் பந்தைக் கூடைக்குள் இடவும், மூவர் தொலைவில் நின்று குறிதவறாது எறியவும் வல்லராயின் அமையும். நடுத்தரமான அணியும் இதனால் நல்ல அணியாகும். தீமையோ மெல்லவே புலப்படும். நெடுநேரம் பந்தைத் தொடாதவன் பார்வையாளனாகின்றான். தானே சிந்தித்து ஆடும் பழக்கம் அவனிடத்துத் தேய்கின்றது. மேலும், இறுதிச் சுற்றுகளில் ஒரே எதிரணியை ஏழு முறை வரை சந்திக்க வேண்டியிருத்தலின், ஒருவனுடைய வழக்கங்களைக் கற்றுக்கொள்ள எதிரிக்கு அவகாசம் உண்டு.

இது புதிய சிக்கலன்று. 1961-62 பருவத்திலே புள்ளி, மீட்ட பந்து, உதவி எறிகை ஆகிய மூன்றிலும் ஆட்டமொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட சராசரி பெற்ற ஒஸ்கார் றொபேர்ட்சன், சின்சினாற்றி அணியிற் பத்தாண்டுகள் ஆடியும் இறுதிப் போட்டியை எட்டினாரல்லர். 1970 இல் மில்வோக்கி அணிக்கு மாறினார். அப்பருவத்தில் அவருடைய சராசரி முதன்முறையாக 20 புள்ளிகளுக்குக் கீழே இறங்கிற்று. அணியோ வாகை சூடிற்று. பின்னாளிற் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர்கொண்ட நெடியவர் அங்கு இருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

அண்மைக்காலத்தில் இதனை நன்கு விளக்குவது ஹூஸ்ரன் றொக்கற்ஸ் அணியின் வரலாறு. 2016 இற் பயிற்றுநராக வந்த மைக் டி'அன்ரோனி, ஜேம்ஸ் ஹார்டனைப் பொயின்ற் கார்ட் ஆக்கினார். அப்பருவத்தில் ஹார்டன் ஆட்டமொன்றுக்கு 29.1 புள்ளிகளும் 11.2 உதவி எறிகைகளும் பெற்றார். அணி 82 ஆட்டங்களில் 55 இல் வென்றது. ஆயினும் 2017 மே மாதத்திற் சான் அன்ரோனியோ அணியுடன் நிகழ்ந்த ஆறாவது ஆட்டத்தில் ஹார்டன் 10 புள்ளிகளோடு அடங்கினார். ஹூஸ்ரன் 114-75 எனத் தோற்று வெளியேறிற்று. எல்லாம் ஒருவனிடத்தே இருந்தமையின், அவன் ஓய்ந்தபோது எடுத்து நடத்த எவருமில்லை.

அடுத்த பருவத்துக்குக் கிறிஸ் போல் அழைக்கப்பட்டார். இவரும் பந்தைக் கையில் வைத்தாடுபவரே. ஒரு பந்துக்கு இருவரா எனப் பலர் ஐயுற்றனர். ஒருவர் ஓய்வெடுக்கையில் மற்றவர் நடத்தும் வகையிற் பயிற்றுநர் நேரத்தைப் பகுத்தார். அணி 65 வெற்றிகளை ஈட்டிற்று. மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஸ்ரீபன் கறி முதலியோர் இருந்த கோல்டன் ஸ்ரேற் அணியை எதிர்த்து 3-2 என முன்னின்ற வேளையிற் போலின் தொடைத்தசை காயமுற்றது. கோல்டன் ஸ்ரேற் அணியிலோ, கறி பந்தை விட்டுவிட்டு ஓடியே எதிரிகளைக் கலைப்பவர். ஏழாவது ஆட்டத்தின் முற்பாதியில் ஹூஸ்ரன் 11 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும், மூன்று புள்ளி எறிகைகளில் 27 ஐத் தொடர்ச்சியாகத் தவறவிட்டு, 101-92 எனத் தோற்றது. அவ்வெறிகைகள் தவறியமைக்கு ஹார்டனைக் குறைகூறுதல் நீதியன்று. களைத்த அவருக்கு மாற்றாள் இல்லாமற்போனமையே காரணங்களுட் பெரியது எனலாம்.

2019 இற் போலைக் கொடுத்து றஸல் வெஸ்ற்புறூக்கை ஹூஸ்ரன் பெற்றது. அவர் தொலைவெறிகையில் வல்லவரல்லர். கூடைக்கு அண்மையில் வெற்றிடம் வேண்டியவர். அவ்வெற்றிடத்தை உண்டாக்கும் பொருட்டு, ஹார்டனுக்குத் தூணாய் நின்ற கிளின்ற் கபேலாவையும் 2020 பெப்ருவரியில் அவ்வணி விட்டுக்கொடுத்தது.