பிள்ளைக்குக் காப்பாளர்: வழக்கறிஞரைத் தேடுமுன்…

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளைச் சித்தியோ தாய்மாமனோ தம் இல்லத்திற்கு அழைத்துவந்து வளர்ப்பது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் நல்வழக்கமாகும். ஆயினும், சோறூட்டி வளர்ப்போர் அனைவரும் சட்டத்தின் பார்வையில் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையிலேந்திய ஞானத்தாய் தந்தையருக்கும் அவ்வுரிமை தானாக வருவதில்லை. பிள்ளையின் பெயரிலுள்ள நிலத்தை மற்றோர் உறவினர் விற்க முனையும் நாளில்தான் பலர் இதனை உணர்ந்து கலங்குகின்றனர்.

1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் காப்பாளர் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. நாம் நாடவேண்டியது, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே. வக்கீல்கள் இதனைக் 'கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் ஆக்ட்' என்பர். இதன்படி நீதிமன்றம் முதன்மையாகக் கருதுவது பிள்ளையின் நலனையே. விவரமறிந்த வயதினராயின் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். நீதிமன்றம் நியமித்த காப்பாளரும், அதன் முன்அனுமதியின்றிப் பிள்ளையின் நிலத்தையோ வீட்டையோ விற்கவோ அடகு வைக்கவோ இயலாது.

இனி, வழக்கறிஞரைத் தேர்ந்துகொள்வது எவ்வாறு? பிள்ளையை வளர்க்கும் பொறுப்புக்கான மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே அளிக்கவேண்டும். சொத்தைப் பொறுத்த மனுவாயின், சொத்து அமைந்துள்ள ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலும் அளிக்கலாம். ஆகவே அந்நீதிமன்றத்தில் இத்தகைய மனுக்களை நடத்திப் பழகியவரை நாடுவதே நலம். தரகர்களின் பேச்சை நம்பவேண்டாம். கட்டணம் எவ்வளவு, செலவுகள் எவை என்பதை முதலிலேயே கேட்டு, எழுத்தில் பெறுங்கள். வக்காலத்தைப் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பது வழக்கறிஞர்களின் தொழில் ஒழுக்கவிதிகளுக்கு முரணானது. அவ்வாறு கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். பெற்றோரின் இறப்புச் சான்றுகள், பிள்ளையின் பிறப்புச் சான்று, சொத்துப் பத்திரங்கள் ஆகியவற்றின் நகல்களை அளித்து, மூலங்களை உங்களிடமே பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணமில்லையே என்று தயங்கவேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களும் பிள்ளைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியுடையோர். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு அளித்தால், அவர்களே வழக்கறிஞரை அமர்த்தித் தருவர். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்டறியலாம்.

அறிவு வளர்ச்சி குன்றிய, அல்லது ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உடைய பிள்ளை பதினெட்டு வயதைக் கடந்தபின் காப்பாளர் தேவையெனில், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் தலைமையிலுள்ள குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், தந்தை தம் உயிலின் வழியே மைனர் பிள்ளைக்குக் காப்பாளரைக் குறிப்பிட இடமளிக்கிறது. உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்னும் வீண் அச்சத்தை விடுத்து, கணவனும் மனைவியும் கலந்துபேசி அதனை இன்றே எழுதிவைப்பது, பின்னாளில் உறவினர் பிணங்கி நிற்கையில் பிள்ளைக்குப் பெருந்துணையாகும்.