வெள்ளைக் கொக்கு ஏன் வெறும் வெள்ளையா தெரியுது? பறவைப் படங்களில் எங்கே கோட்டை விடுகிறோம்?

வேடந்தாங்கலில் சீசன் களைகட்டினால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க பறவைப் படங்கள்தான். நண்பர்கள் 'சூப்பர்' போட்டுட்டு போயிடுவாங்க. ஆனால், அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது பறவையின் கண்ணை. இறகு எவ்வளவு ஷார்ப்பாக இருந்தாலும் கண் மங்கலாக இருந்தால் படம் தேறாது.

கொக்கு ஏன் வெளுத்துப்போகிறது?

கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட தண்ணீருக்கு நடுவே வெள்ளைக் கொக்கு நின்றால், தண்ணீரைப் பார்த்து மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடும். கொக்கின் இறகு விவரமெல்லாம் காலி. அப்படி முழுசாக வெளுத்துப்போனதை எடிட்டிங்கில் மீட்க முடியாது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை மைனஸில் வைக்கணும். மொபைல் என்றால் பறவையைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுக்கலாம். வெளிறிய வானத்தில் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யணும்.

நின்றபடியே எடுக்கலாமா?

சேற்றில் மேயும் உள்ளானை நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் சேறும்தான் கிடைக்கும். உட்கார்ந்து, பறவையின் கண் மட்டத்துக்கு வந்தால் பின்னணி தூரமாகி மங்கலாகும், பறவை தனித்துத் தெரியும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/2000 அளவில் இருந்தால் சிறகு கலங்காது. அது போகும் திசையில் கொஞ்சம் இடம் விடுங்க.

எடிட்டிங்கில் திருத்த முடியாத தப்பு எது?

கிட்டே போனதுதான். கழுத்தை நீட்டி, இறகை ஒடுக்கி, கேமராவையே முறைக்கிற பறவை போஸ் கொடுக்கவில்லை, பயந்திருக்கிறது. எல்லாம் ஷார்ப்பாக இருந்தாலும் அது தோற்ற படம்தான்.

கூடு என்றால் இன்னும் சிக்கல். வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று தூரத்திலிருந்து எடுப்பதில் பிரச்னை இல்லை. தோட்டத்துக் கூட்டை மறைக்கிறது என்று இலையைக் கிள்ளினால், வெயிலும் காக்கையும் குஞ்சைத் தேடி வரும். தாய்ப்பறவையும் பயந்து விலகி நிற்கும். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற விளக்கத்துக்குள்தான் வைத்திருக்கிறது.

மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே ரகம்தான். எதிரி வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடும் நேரத்தை அது வீணாக்கும்.

ஆந்தை, கூடு படங்களைப் பகிர்வதற்கு முன் லொகேஷனை ஆஃப் பண்ணிடுங்க. இல்லாவிட்டால் மறுநாள் அங்கே பத்து கேமரா நிற்கும்.