தீப்பெட்டிக்கு எத்தனை விளிம்பு?

காலித் தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுங்கள். விரலால் தடவி விளிம்புகளை எண்ணுங்கள். மேலே நான்கு. கீழே நான்கு. நெட்டுக்குத்தலாக நான்கு. மொத்தம் 12. சரிதானே?

கணினியைக் கேட்டால் 18 என்கிறது! சிரிக்காதீர்கள். அது சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது என்னவென்று பார்க்க ஒரு பட்டறைக்குப் போய் வருவோம்.

ஓசூருக்குப் போயிருக்கிறீர்களா? டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள், அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் கைக்கடிகாரம் எல்லாம் தயாராகிற ஊர். பெரிய ஆலைகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய உண்டு. இந்த மாதிரிப் பட்டறைக்குச் சில சமயம் தேய்ந்துபோன பழைய பாகம் ஒன்று வரும். அதன் வரைபடம் யாரிடமும் இருக்காது. ஆனால் அதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டும். என்ன செய்வது?

ஸ்கேனர் இருந்தால் கவலை இல்லை. அது பாகத்தின் மேல் ஒளியை ஓடவிட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிகளை அளந்துகொள்ளும். அந்தப் புள்ளிகளை மூன்று மூன்றாக இணைத்து, கணினி முக்கோணங்கள் போடும். பாகம் முழுக்க முக்கோண வலை!

ஏன் முக்கோணம்? நாலு கால் ஸ்டூல் மேடுபள்ளத் தரையில் ஆடும். முக்காலி ஆடவே ஆடாது. அதுபோல மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே சமதளத்தில் படிந்துவிடும். நாலாவது புள்ளி வந்தால்தான் தொல்லை.

இப்போது தீப்பெட்டிக்கு வருவோம். அதற்கு ஆறு முகங்கள். ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணம். ஆக 12 முக்கோணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம் என்றால் 36. ஒரு பக்கத்தை இரண்டு முக்கோணங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் பாதி, 18. புரிந்ததா? முகத்துக்கு ஒன்றாக வந்த ஆறு குறுக்குக் கோடுகளையும் கணினி விளிம்பு என்று எண்ணிவிட்டது. அவ்வளவுதான்.

பாவம், நிஜ விளிம்பு எது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1987இல் அமெரிக்காவில், 3டி அச்சுக்கு வழி திறந்த சார்லஸ் ஹல் என்பவரின் நிறுவனத்துக்காக, முக்கோண வலையைச் சேமித்து வைக்கும் எஸ்.டி.எல். என்ற கோப்பு வகை பிறந்தது. இன்றும் பட்டறைகளில் அதுதான் ஓடுகிறது. அதைத் திறந்தால் முக்கோணங்களின் பட்டியல் மட்டும்தான் இருக்கும். எதற்குப் பக்கத்தில் எது என்றுகூட எழுதியிருக்காது. ஒரே இரண்டு மூலைகள் கொண்ட முக்கோணங்களைத் தேடிப் பிடித்து, கணினிதான் ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடியே கிடைக்காத பக்கம் இருந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம்.

ஜோடி கிடைத்த பிறகு நிஜ விளிம்பு எது என்று எப்படித் தெரியும்? ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து விரியுங்கள். இரண்டு முக்கோணங்கள் வந்தனவா? ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஈர்க்குச்சியை நேராக நிறுத்துங்கள். காகிதம் தட்டையாக இருந்தால் இரண்டு குச்சியும் ஒரே திசையைக் காட்டும். கோணம் 0. காகிதத்தை மெல்ல மடியுங்கள். குச்சிகள் விலகுகின்றன, பார்த்தீர்களா? தீப்பெட்டி விளிம்பில் விலகல் 90 டிகிரி. குறுக்குக் கோட்டில் 0. கணினி பார்ப்பது இந்த விலகலைத்தான். ‘30 டிகிரிக்கு மேல் போனால் விளிம்பு’ என்று சொல்லிவிட்டால், 18 சட்டென்று 12 ஆகிவிடும்!

ஆனால் அந்த 30 என்ற எல்லையைச் சொன்னது யார்? மனிதர்தான். மென்பொருள் தானாக வைத்துக்கொண்ட எண்ணை அப்படியே நம்பி உட்கார்ந்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஓர் உருண்டைத் தண்டை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றை 36 பட்டைகளாகப் பிரித்தால், அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே 10 டிகிரி. எல்லையை 5 என்று வைத்தால், வழவழப்பான தண்டின் மேல் 36 பொய்க் கோடுகள் விழும். 30 என்று வைத்தால் அவை மறைந்து, இரு முனை வட்டங்கள் மட்டும் நிற்கும். சரி, 30தான் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரம் வேண்டாம். கை கிழிக்காமல் இருக்க, பாகங்களின் விளிம்பை வளைவாக மழுக்கிவிடுவார்கள். அங்கே 90 டிகிரித் திருப்பம் பல பட்டைகளில் பங்காகிவிடும். பட்டைக்கு 10 டிகிரி என்றால் எதுவுமே 30ஐத் தொடாது. அங்கே ஒரு விளிம்பு இருந்த சுவடே கணினிக்குத் தெரியாது. அதனால் நல்ல மென்பொருள் ஒரு மடிப்பை மட்டும் பார்க்காது. கொஞ்ச தூரத்துக்கு மொத்தம் எவ்வளவு வளைந்தது என்று கூட்டிப் பார்க்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் விளைகிற பெங்களூரா மாங்காயை ஸ்கேன் செய்தால் வேடிக்கை! அதற்கு விளிம்பே கிடையாது. ஆனால் ஸ்கேனரின் அளவில் சின்னச் சின்னப் பிசகுகள் இருக்கும். எல்லையைக் குறைத்து வைத்தால் காய் முழுக்கக் கீறல் விழுந்தாற்போல் கோடுகள். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சராசரி எடுத்து நகர்த்தினால் பிசகு அடங்கும். திரும்பத் திரும்ப நகர்த்தினாலோ, மாங்காயின் கிளிமூக்கும் மழுங்கிப் போகும்!

இப்போது உங்கள் முறை. சீவாத ஆறுபட்டைப் பென்சில் ஒன்றை எடுங்கள். பட்டைக்குப் பட்டை விலகல் 60 டிகிரி. எல்லையை 30 என்று வைத்தால் நெடுக்கில் ஆறு கோடுகள் வரும். 70 என்று வைத்தால் எந்தக் கோடுகள் மிஞ்சும்?